ஹெல்மெட்டில் இரண்டாவது போன்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மதுரை பழங்காநத்தத்திலிருந்து கிளம்பினோம். நானும் என் மனைவி ரூபியும், ஒரு மோட்டார் சைக்கிளில். போக வேண்டிய இடம் சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரம், ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். அங்கே ரூபியின் அக்கா கமலா படுத்த படுக்கையாக இருந்தார். நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவின் கணவர் தங்கராஜ் போன் பண்ணி, ரூபி வரலையா, ரூபி வரலையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். ரூபி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று ராத்திரி டியூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. காலையில் வந்தவள் குளித்துவிட்டு, ஒரு வாய் காப்பியோடு வண்டியில் ஏறிவிட்டாள். அக்கா கண்ணை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். சிவகாசி வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ், அதற்குக் காத்திருப்பு, கடைசியில் நடை. வண்டியில் போனால் வாசலில் இறங்கலாம். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தோம். ராத்திரி கண்விழித்தவள் பின்னால் உட்கார்ந்து தூங்கிவிடக் கூடாதே என்கிற பயத்துக்கும் என்னிடம் மருந்து இருந்தது. இரண்டு ஹெல்மெட்டிலும் இண்டர்காம் மாட்டியிருந்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதுப் பக்கமும் வடை மாதிரி இரண்டு ஸ்பீக்கர், வாய்ப் பக்கம் ஒரு மைக், வெளியே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. முன்னால் ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தாமல் வீட்டில் பேசுகிற மாதிரி பேசிக்கொள்ளலாம். இதை நான் வாங்கி வந்த அன்று, முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து பேசாததையா ரோட்டில் பேசப் போகிறோம் என்று ரூபி கேட்டாள்.

நான் பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கருவி கையில் கிடைத்தால் அதோடு இன்னும் எதையெல்லாம் இணைக்கலாம் என்று நோண்டாமல் இருக்க மாட்டேன். என்னுடையது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி. பேச்சு போக இரண்டு போன்களை ஏற்றுக்கொள்ளும். ரூபிக்கு வாங்கியது இரண்டாயிரத்து எண்ணூறு. அதற்கேற்ற புத்திதான் அதற்கு, பேச்சு போக ஒரே ஒரு பொருள்தான் அதில் சேரும். அந்த ஒரு இடத்தையும் அவளுடைய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இருக்கும் சின்னப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்திருந்தேன். அது பழைய பெட்டி, அதன் பின்புறம் ஒரு ப்ளூடூத் குமிழைச் செருகி, ஒரு நாள் முழுக்கப் போராடி இணைத்தேன். என் போன் என் ஹெல்மெட்டோடு சேர்ந்து வழி சொல்லும். அவள் போன் மட்டும் எதோடும் சேராமல் கைப்பையில் கிடந்தது. அதுவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கள்ளிக்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய், சூடு மட்டும்தான் இருந்தது. வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை. ரூபி கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தாள். தங்கராஜ் அண்ணனிடமிருந்து தவறிய அழைப்பு, அரை மணி நேரத்துக்கு முன்பு வந்தது. திருமங்கலம் லாரிகளுக்கு நடுவில் நாங்கள் பேசிக்கொண்டு வந்தபோது கைப்பைக்குள் அது அடித்து ஓய்ந்திருக்கிறது. உடனே திருப்பிக் கூப்பிட்டாள். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

ஒண்ணுமில்லம்மா, எங்கன வந்திருக்கீக, பாத்து வாங்க என்று மட்டும் சொன்னாராம். அக்காவிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, தூங்குகிறாள் என்றாராம். பின்னால் ஆள் பேச்சு நிறையக் கேட்டது என்றாள். நர்ஸுக்குக் காது வேறு விதமாக வேலை செய்யும். டீயை அப்படியே வைத்துவிட்டாள்.

"என் போனையும் ஹெல்மெட்ல சேத்து விடுங்க. இன்னொரு தடவை தப்பவிடக் கூடாது" என்றாள்.

அங்கேயே நின்று முயன்றேன். பாட்டுப் பெட்டியை நீக்காமல் அவள் ஹெல்மெட் போனைச் சேர்க்க மறுத்தது. நீக்கவும் எனக்கு வழி தெரியவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்ளே ஒரு ஆங்கிலப் பெண் குரல் ஏதோ சொல்லிவிட்டு அணைந்துபோனது. விருதுநகரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம்.

தங்கராஜ் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படியானால் வீட்டில் ஏதாவது ஒன்று என்றால் எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். வாட்ச்மேன் அறை வாசலில் வந்து நின்று, 'கையக் கழுவிட்டு வா' என்று மட்டும் சொல்வானாம். வெடிமருந்துக் கையோடு இருப்பவரிடம் சேதி சொல்லக் கூடாது. கை நடுங்கும், எதையாவது தட்டிவிடும், அறையில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து முடிந்துவிடும். கழுவி, வெளியே வந்து, மரத்தடியில் நின்ற பிறகுதான் என்ன ஏது என்பது. அதனால் அந்தப் பக்கத்தில் சாதாரணமாகச் சாப்பிடக் கூப்பிடும்போதுகூட யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வேறு மாதிரி சுற்றி வளைத்துக் கூப்பிடுவார்கள். கமலா அக்காவும் கல்யாணத்துக்கு முன்பு ஆலைக்குப் போனவர். ரூபி அந்த ஊரில் பிறந்து அந்தப் பேச்சில் வளர்ந்தவள்.

ஒன்பதரைக்கு விருதுநகர். மார்க்கெட் பக்கம் நுழைந்ததும் மிளகாய் வத்தல் நெடி ஹெல்மெட் கண்ணாடியைத் தாண்டி வந்தது. தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஹெல்மெட்டும் சீட் கவரும் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். வாயில் எதையோ மென்றபடி இரண்டு ஹெல்மெட்டையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"சார், அம்மாவோடதுல ஒண்ணுதான் ஏறும். பாட்டு வேணுமா, போன் வேணுமான்னு சொல்லுங்க."

ரூபி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பாட்டு அப்படியே இருக்கட்டும், அவள் போனை என் ஹெல்மெட்டில் இரண்டாவது போனாகச் சேர்த்துவிடுங்கள், அழைப்பு வந்தால் நான் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ராத்திரி முழுக்க நின்றவள் பாட்டைக் கேட்டுக்கொண்டு வரட்டும் என்பது என் கணக்கு. அழைப்பை எடுப்பது ஓட்டுகிறவன் வேலை என்கிற நினைப்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரூபி என்னைப் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குச் சீக்கிரம் கிளம்பினால் போதும்.

கடைக்காரர் ரூபியின் போனை வாங்கி ஏதோ தட்டினார், என் ஹெல்மெட் பொத்தானை அழுத்திப் பிடித்தார். சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னியது. எதிர்க்கடையில் இருந்து மூன்று டீ வாங்கி வரச் சொன்னார். கடைக்குக் கூடமாட ஆள் இல்லை, நான்தான் போனேன். டீயோடு திரும்பியபோது அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்து ரூபியிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

"ரெண்டு போனையும் உங்க தலையில கட்டியாச்சு சார்" என்று ஹெல்மெட்டை நீட்டினார். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். காற்று இரைச்சல் ஒரு துளி கேட்காது, வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் எதிர்ப்பக்கம் கேட்கும் என்று சொல்லி அனுப்பினார்.

பத்தே கால். சிவகாசி ரோட்டில் இறங்கியதும் நாலுவழிச் சாலையின் தைரியம் போய்விடும். இரண்டு பக்கமும் கரிசல், வேலிக்கருவை, நடுநடுவே தனித்தனியாக நிற்கிற தகரக் கூரைகள். தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்ததால் வெளியூர் கார்கள் வரிசையாக வந்தன. எல்லாக் காரிலும் குழந்தைகள். 'இங்கே பட்டாசு மலிவு' என்று முந்நூறு அடிக்கு ஒரு பலகை. நாங்கள் மட்டும்தான் அந்த ரோட்டில் வேறு காரியமாகப் போய்க்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. விருதுநகரைத் தாண்டினால் ரூபியின் பேச்சில் ஊர் ஏறிக்கொள்ளும். மெல்லப் போறீக, கொஞ்சம் வெரசாத்தான் போங்களேன் என்றாள். பிறகு பாட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஆமத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் காதில் மணி அடித்தது. இரண்டாவது போன் என்று ஆங்கிலக் குரல் சொன்னது. இணைத்தது வேலை செய்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பொத்தானைத் தட்டினேன்.

"யாரு, தம்பியா?" தங்கராஜ் அண்ணன் குரல். "நல்லதாப் போச்சு, உங்க நம்பரு எங்கிட்ட இல்ல. வண்டி நிக்குதா?"

ஓடுகிறது என்றால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்பார், அதில் ஐந்து நிமிஷம் போகும். கடைக்காரர் சொன்னது சரிதான், அவருக்குக் காற்றே கேட்கவில்லை.

"நிக்குதுண்ணே, சொல்லுங்க" என்றேன். வண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தது.

"கமலா போயிட்டா தம்பி. எட்டரைக்கெல்லாம் முடிஞ்சிருச்சு. அப்பவே போட்டேன், நீங்க எடுக்கலை. பெறவு ரூபி கூப்பிடுதா, அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

எண்ணூறு மீட்டருக்கு நேராகச் செல்லவும் என்று என் போன் குறுக்கே புகுந்து வழி சொன்னது. எனக்குத் தெரிந்த வழிதான். பெருமைக்காக ஓடவிட்டிருந்தேன்.

"அவகிட்ட இப்பச் சொல்லீராதீக. பின்னால உக்காந்து வாரவ, கைய விட்டுருவா. சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லிக் கூட்டியாந்துருங்க."

சரிண்ணே என்றேன். அழைப்பு முடிந்து டங்கென்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்தவரை, போன் வந்தால் எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற பேச்சு அறுந்துவிடும், முடிந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு இதுவரை பாட்டுதான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"யாருங்க?" என்றாள்.

"அத்தான்தான். கொஞ்சம் சீரியஸா இருக்காம். நேரா வீட்டுக்கு வந்துரச் சொன்னாரு."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. சீரியஸ் என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் நான் யாரிடம் சொல்கிறேன்? வார்டில் நின்றுகொண்டு, கொஞ்சம் சீரியஸ், வீட்டில் பெரியவர்கள் யாராவது வாங்க என்று ஆயிரம் பேருக்குப் போன் பண்ணியவளிடம்.

"சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவாப் போங்க. அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள்.

அதிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். வெரசாப் போகச் சொன்னவள் அவசரமில்லை என்கிறாள். ஆனால் என் புத்தி முழுக்க என் பொய்யைக் காப்பாற்றுவதில் இருந்தது. அதோடு கை நடுங்க ஆரம்பித்தது. ஹேண்டில் என் சொல் கேட்கவில்லை, ஒரு மினி லாரியை ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். ரூபி என் தோளில் கையை வைத்தாள். முன்னே லாரி வருது, பள்ளம் இருக்கு, அந்தக் காரைப் போகவிடுங்க என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் பின்னால் உட்கார்ந்து எனக்கு வழி சொன்னதே இல்லை. குரலில் ஒரு பிசிறும் இல்லை. பாவம், இன்னும் நம்பிக்கையோடு வருகிறாளே என்று நினைத்தேன். பாட்டு ஓடுகிறதா என்று கேட்டேன். நிறுத்திவிட்டேன் என்றாள்.

திருத்தங்கல் ரயில்வே கேட் பூட்டியிருந்தது. பத்து நிமிஷம் நின்றோம். பக்கத்து வண்டிக்காரர் பீடி பற்ற வைத்தார். தூரத்தில் எங்கோ ஒரு ஆலையில் வெடியைச் சோதித்துப் பார்த்தார்கள், இரண்டு சத்தம், சிறிது இடைவெளி, மறுபடி ஒன்று. அங்கே நின்றபோது சொல்லியிருக்கலாம். வண்டி நின்றுதான் இருந்தது. முன்னும் பின்னும் கார்கள், வெயில் இல்லாத புழுக்கம், அந்த இடத்தில் சொல்ல மனம் வரவில்லை. ரூபி கேட் திறக்கிற வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குச் சிவகாசிக்குள் நுழைந்தோம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. எப்போதும் நிறுத்திப் பழம் வாங்குகிறவன் இன்று நிறுத்தாமல் போனால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று, பழக்கடை ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஆரஞ்சு விலை கேட்டேன். கிலோ நூற்றிருபது. இறந்துபோனவருக்காக நான் ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினேன். பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ரூபி வண்டிப் பக்கத்தில் இல்லை.

நாலு கடை தள்ளி, பூக்கடையில் நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மேலே தொங்குகிற மாலைகளில் ஒன்றைக் கையால் காட்டினாள். பூக்காரர் கொக்கியிலிருந்து பெரிய ரோஜா மாலை ஒன்றை இறக்கினார். நான் பழப் பையோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"சம்பங்கி அக்காவுக்குப் பிடிக்காது. நாத்தம்னு சொல்லுவா" என்றாள். முகத்தில் கண்ணாடி இறங்கியிருந்தது, கண் தெரியவில்லை.

"ரூபி" என்றேன்.

"நீங்க டீ வாங்கப் போனப்ப அந்தத் தம்பி சொல்லிட்டாரு. போன் வந்தா இனிமே ரெண்டு ஹெல்மெட்லயும் கேக்கும், அம்மாவும் சேந்து பேசலாம்னு அப்படி வச்சு விட்டிருந்தாரு."

"எல்லாம் கேட்டியா?"

"எல்லாம் கேட்டேன். வண்டி நிக்குதுன்னு நீங்க சொன்னதையும் கேட்டேன்."

அப்பவே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"வண்டி உங்க கையில இருந்துச்சுல்ல" என்றாள். "அதான், நிக்கட்டும்னு இருந்தேன்."

மாலைக்கு முந்நூற்று ஐம்பது ரூபாயை அவளே எண்ணிக் கொடுத்தாள். பூக்காரர் வாழை இலையில் பொதிந்து கட்டும் வரை தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் வண்டியை எடுக்கத் திரும்பி வந்தேன். கண்ணாடியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். எடுத்துக் காதில் வைத்தேன். அங்கே பூக்கடையில் அசையாமல் நிற்கிறவளின் அழுகை அது. நாலு கடை தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் அவள் அழுதது முழுவதும் என் கையிலிருந்த ஹெல்மெட்டில் கேட்டது. அணைக்கவா, கேட்கவா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாரணாபுரம் வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. எங்களைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து வந்து ரூபியைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார்கள். சேதி தெரியாமல் வருகிறவள் வாசலில் விழுந்துவிடுவாள் என்பது அவர்கள் எண்ணம். அவள் மாலையோடு நேரே உள்ளே நடந்தாள். தங்கராஜ் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், சரியாகக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்கிற மாதிரி. நானும் தலையை அசைத்துவைத்தேன். அக்காவின் மகள் ஜெபா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சீசன் நேரம், அம்மாவே போகச் சொன்னார் என்று அன்று காலையிலும் ஆலைக்குப் போயிருந்தாள். வாட்ச்மேன் வந்து அந்த வார்த்தையைச் சொன்னதும் கையைக் கழுவக் கழுவ வெள்ளிப் பொடி போகவே இல்லை சித்தி என்று ரூபியிடம் சொன்னாள். விரல் இடுக்குகளில் அது இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை மதியம் திரும்பினோம். வண்டிக் கொக்கியில் ஆரஞ்சுப் பை அப்படியே தொங்கியது. இரண்டு நாளாக அதை யாரும் தொடவில்லை, நானும் மறந்திருந்தேன். விருதுநகருக்குள் நுழையும்போது ரூபி, அந்தக் கடையில் நிறுத்துங்கள் என்றாள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

"பாட்டை எடுத்துருங்க தம்பி. என் போனை என் ஹெல்மெட்லயே போட்டு விடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். "சார் ஹெல்மெட்ல இருந்து எடுத்துருங்க. எனக்கு வார சேதி எனக்கே வரட்டும்."

இரண்டு ஹெல்மெட்டிலும் கேட்கிற ஏற்பாடு வேண்டுமா என்று அவர் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. காசு வேண்டாம் என்றார், ஆரஞ்சுப் பையை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

கள்ளிக்குடியைத் தாண்டும்போது என் காதில் டங்கென்று சத்தம் கேட்டு, பேச்சு அறுந்தது. அவளுக்கு அழைப்பு. கண்ணாடியில் பார்த்தேன், தலை அசைவது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் நான் செய்த ஏற்பாடு இதுதான், இடம் மட்டும் மாறியிருந்தது. மதுரையில் எங்கள் மகன் இருக்கிறான், தொண்ணூறு வயதை எட்டப்போகிற என் அப்பா இருக்கிறார். மறுபடி டங்கென்ற சத்தம்.

"யாரு?" என்றேன்.

"வண்டி நிக்கட்டும், சொல்றேன்."

திருமங்கலம், கப்பலூர், பழங்காநத்தம். அந்த முப்பத்தைந்து கிலோமீட்டரில் என் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரையும் மனதுக்குள் இழந்து பார்த்துவிட்டேன். வாசலில் அப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகன் வந்து கேட்டைத் திறந்தான். வண்டியை அணைத்து, ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, அவள் பக்கம் திரும்பினேன்.

"வார்டுல இருந்து. நாளைக்கு டியூட்டிக்கு வருவீங்களான்னு கேட்டாங்க" என்றாள்.

இதைச் சொல்ல வண்டி நிற்க வேண்டுமா என்று கேட்டேன். ரூபி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நல்ல சேதியை மட்டும் வண்டி ஓடும்போதே சொல்லிவிட்டால், சொல்லாதபோது கெட்ட சேதி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்றாள். பிறகு கையைக் கழுவ உள்ளே போனாள்.